அந்த ரெண்டாவது வகுப்பு

"சார், அந்த ரெண்டாவது வகுப்பை நீங்க சொல்லித்தானே சேர்த்தேன்?"

ஆராய்ச்சிக்கு நிதி தர்ற கமிட்டி அவங்க விண்ணப்பத்தை தள்ளின மறுநாள் அந்த எஜுகேஷன் மேடம் வந்து கேட்டது இவ்ளோதான். கோவமா கூட கேக்கல, நிஜமாவே புரியாம கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. நான் அதுக்கு சொன்ன பதிலை இப்ப நினைச்சாலும் கூசுது. "மேடம், புள்ளியியல் படி நான் அங்க சொன்னது சரிதான்"னு சொன்னேன். சரிதான், இன்னைக்கு கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஆனா அவங்க கேட்டது அது இல்லையே.

யுனிவர்சிட்டில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளா இருந்தா எல்லா டிபார்ட்மென்டும் நம்ம டேபிளுக்கு வந்துதான் ஆகணும். காலைல கெமிஸ்ட்ரி ஸ்காலர் வருவார், மதியம் ஆஸ்பத்திரி பக்கத்துலருந்து ஒரு டாக்டர், சாயங்காலம் எஜுகேஷன்லருந்து ஒருத்தர். மூணு பேரும் "எத்தனை"ங்கற ஒரே வார்த்தையத்தான் சொல்வாங்க, ஆனா அர்த்தம் வேற வேற. கெமிஸ்ட்ரிக்காரர் "மூணு தடவை பண்ணிட்டேன் சார்"னா சில சமயம் ஒரே கரைசலை மூணு தடவை மெஷின்ல வெச்சு அளந்திருப்பார், அது மெஷின் ஒழுங்கா இருக்கான்னுதான் சொல்லும், புதுசா மூணு தடவை தயாரிச்சு பார்த்தாதான் பொருளைப் பத்தி ஏதாவது சொல்லும். டாக்டர் "80 சதவீத பவர், 5 சதவீத ஆல்ஃபா, எத்தனை பேஷன்ட் வேணும்?"னு மனப்பாடமா கேப்பார் (பவர்னா நிஜமா இருக்கற வித்தியாசத்தை ஆய்வு பிடிக்கற வாய்ப்பு, ஆல்ஃபான்னா இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்லிடற வாய்ப்பு), எவ்ளோ வித்தியாசம் வந்தா சிகிச்சைல அதுக்கு மதிப்புன்னு திருப்பி கேட்டா யோசிக்க ஆரம்பிப்பார். எஜுகேஷன்காரங்க பாதி பேர் "என்னோடது நம்பர் ஆராய்ச்சி இல்ல சார், ஆனா ஃபார்ம்ல கேக்கறாங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அந்த மேடமும் அப்படித்தான் வந்தாங்க.

பசங்க பின்னக் கணக்குல ஏன் தப்பு பண்றாங்கங்கறதுதான் அவங்க ஆராய்ச்சி. ஒரே வகுப்புல ஒரு வருஷம் உக்காந்து, தப்பு விடையெல்லாம் சேர்த்து, அந்தந்த பிள்ளைகிட்டயே "எப்படி யோசிச்சே?"ன்னு கேட்டு எழுதறது. ஒரு உதாரணம் சொன்னாங்க, அதுலயே நான் விழுந்துட்டேன். மூணுல ஒண்ணையும் நாலுல ஒண்ணையும் கூட்டச் சொன்னா ஒரு பையன் ஏழுல ரெண்டுன்னு எழுதியிருக்கான். விடை பன்னெண்டுல ஏழு. டீச்சர் தப்புன்னு குறி போட்டு நகர்ந்துட்டாங்க. இவங்க போய் கேட்டா அவன் சொல்றான், "ஒரு டெஸ்ட்ல 3 கேள்வில 1 சரி, இன்னொரு டெஸ்ட்ல 4 கேள்வில 1 சரி, அப்ப மொத்தம் 7-ல 2 சரி, அதானே மிஸ்?" யோசிச்சுப் பாருங்க, அவன் போட்ட கணக்குக்கு அந்த விடை சரி. கேட்ட கேள்விதான் வேற. இதை எந்த மார்க் ஷீட்டும் காட்டாது, பக்கத்துல உக்காந்து கேட்டாதான் கிடைக்கும்.

ஆனா நிதி ஃபார்ம் எல்லா டிபார்ட்மென்டுக்கும் ஒண்ணுதான். சாம்பிள் சைஸ்னு ஒரு கட்டம், கன்ட்ரோல் குரூப்னு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வெக்கற இன்னொரு குழுவுக்கு, ஒரு கட்டம். முதல் கட்டத்துல "1 வகுப்பு"ன்னு எழுதி ரெண்டாவதை காலியா விட்டிருந்தாங்க. நான் பார்த்ததும், "மேடம், கன்ட்ரோல் இல்லாம போனா கமிட்டி முதல் ரவுண்ட்லயே தூக்கி வெச்சிடும், பக்கத்து செக்‌ஷனை சேர்த்துக்கோங்க, 40-க்கு 40 ஆயிடும், பார்க்கவும் நல்லா இருக்கும்"னேன். பார்க்கவும் நல்லா இருக்கும். இந்த வார்த்தைய நான்தான் சொன்னேன். அவங்க தயங்கினாங்க, "ஆனா நான் எதையும் ஒப்பிடலையே சார்"னாங்க. "கட்டத்தை நிரப்பறதுக்குத்தான்"னு சமாதானம் சொல்லி அனுப்பினேன். உதவி பண்றோம்னுதான் நினைச்சேன், சத்தியமா.

மூணு வாரம் கழிச்சு கமிட்டி. நானும் அதுல ஒரு மெம்பர். அந்த இடத்துலயே "இந்த புரபோசலுக்கு ஆலோசனை சொன்னது நான், இதுல மட்டும் விலகிக்கறேன்"னு எழுந்திருக்கணும். எழுந்திருக்கல. எல்லாருக்கும் ஆலோசனை சொல்றது நான்தானே, அப்படி பார்த்தா எல்லாத்துக்கும் எழுந்துட்டே இருக்கணும்னு அப்ப ஒரு நியாயம் தோணுச்சு, அது முழுக்க தப்பான நியாயமும் இல்ல.

அவங்க முறை வந்தப்ப சேர்மன் நேரா என்னைப் பார்த்து கேட்டார், "இந்த கன்ட்ரோல் போதுமா சார்?"

நான் சொன்னேன்: "போதாது. ரெண்டு வகுப்புல 80 பசங்கன்னு போட்டிருக்கு, ஆனா ஒரே வகுப்பு பசங்க ஒருத்தருக்கொருத்தர் தனி இல்ல, ஒரே டீச்சர், ஒரே ரூம். வித்தியாசம் வந்தாலும் அது முறையால வந்ததா டீச்சரால வந்ததான்னு பிரிக்கவே முடியாது. இது 40-க்கு 40 இல்ல, ஒண்ணுக்கு ஒண்ணு."

அவ்ளோதான், பக்கத்தை திருப்பிட்டாங்க. ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

நான் சொன்னதுல ஒரு எழுத்து தப்பு கிடையாது. ஒரே வகுப்பு பசங்களுக்குள்ள இருக்கற ஒற்றுமைய (சுத்தமா இல்லன்னா 0, எல்லாரும் ஒரே மாதிரின்னா 1) 0.2-ன்னு வெச்சுக்கிட்டா, 40 பேர் வகுப்புக்கு 1 கூட்டல் 39 பெருக்கல் 0.2, அதாவது 8.8. 80-ஐ இதால வகுத்தா தனித்தனியா எடுத்த 9 பசங்க தர்ற தகவல்தான் மிஞ்சும். அதுலயும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு வகுப்புன்னா அந்த 9 கூட இல்ல. இதை வருஷா வருஷம் பாடமாவே எடுக்கறேன். கேள்வி கேட்டா உண்மைய சொல்லாம இருக்கவா முடியும்? கன்ட்ரோல் மேல எனக்கு இருக்கற நம்பிக்கையும் சும்மா வந்தது இல்ல. 1948-ல வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுல மருந்து கொடுத்தது 55 காசநோயாளிக்கு, கொடுக்காம படுக்கை ஓய்வுல மட்டும் வெச்சது 52 பேரை, யாருக்கு எதுன்னு டாக்டர் விருப்பப்படி இல்லாம குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் வைத்தியத்துல அந்த முறை வேரூன்றுச்சு, அதனால பிழைச்சவங்க எத்தனையோ பேர். கல்வியிலயும் முடியாதுன்னு இல்ல, அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல 1985-ல ஆரம்பிச்சு 79 பள்ளிக்கூடத்துல பசங்களை சின்ன வகுப்பு, பெரிய வகுப்புன்னு குலுக்கல்ல பிரிச்சு 4 வருஷம் பார்த்தாங்க, 11,000-க்கு மேல பசங்க. சின்ன வகுப்புல படிச்சவங்க மார்க் கூட வாங்கினாங்கன்னு தெளிவா தெரிஞ்சுது.

எவ்ளோ கூடுச்சுன்னு தெரிஞ்சுது. ஆனா வகுப்பு சின்னதானதும் உள்ள என்ன மாறுச்சு, டீச்சர் யார் பக்கத்துல போய் நின்னாங்க, எந்த பிள்ளை அன்னைக்குத்தான் முதல்ல வாயைத் தொறந்துச்சு, அது யாராவது உள்ள உக்காந்தாதானே தெரியும்? இந்த மேடம் கேட்டது அந்த மாதிரி கேள்வி. அதை என் கேள்வியா மாத்தச் சொன்னது நான், அப்புறம் அதுல மார்க் போட்டதும் நான்.

இன்னொண்ணு உறுத்துது. அதே கூட்டத்துல ஹெல்த் பக்கத்துலருந்து ஒரே குடும்பத்துல வர்ற ஒரு அபூர்வ நோயப் பத்தி ஒரு புரபோசல் வந்துச்சு. கன்ட்ரோல் எங்கன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல, பாஸ் ஆச்சு. அது நல்ல புரபோசல்தான், குறை சொல்லல. கன்ட்ரோல் இல்லாம ஒருத்தரை வெச்சே கத்துக்கலாம்ங்கறதுக்கு உதாரணம், ஆராய்ச்சில ஹெச்.எம்.னு குறிப்பிடற ஒரே ஒரு நோயாளி, வலிப்புக்காக 1953-ல மூளைல அறுவை சிகிச்சை பண்ணி, அதுக்கப்புறம் புது ஞாபகமே தங்காம போன மனுஷன். அவரைப் பத்தி 1957-ல வந்த கட்டுரைதான் ஞாபக சக்தி பத்தின நம்ம புரிதலையே திருப்பிப் போட்டுச்சு. அந்த ஒருத்தரை வெச்சு எவ்ளோ கத்துக்கிட்டோம்னு என் வகுப்புலயே சொல்லியிருக்கேன். அப்படி சொல்ற எனக்கு ஒரே வகுப்புன்னதும் ஏன் வாய் தானா "போதாது"ன்னு சொல்லுச்சு? ஆஸ்பத்திரில ஒருத்தர்னா அபூர்வம், பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்புன்னா குறைபாடுன்னு எனக்குள்ள எங்கயோ பதிஞ்சு போயிருக்கு போல. இத ஒத்துக்கறது கஷ்டமா இருக்கு.

கொஞ்ச நாள் வேற மாதிரி தேத்திக்கிட்டேன். 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அமெரிக்க சுகாதார நிதிக்கான 25 விண்ணப்பத்தை 43 ரிவ்யூவர்கிட்ட கொடுத்து பார்த்திருக்காங்க, ஒரே விண்ணப்பத்துக்கு அவங்க கொடுத்த மதிப்பீடுகள் ஒண்ணோடொண்ணு கிட்டத்தட்ட ஒத்துப்போகவே இல்ல. அப்ப வேற ஆளுங்க உக்காந்திருந்தா இவங்களுக்கு கிடைச்சிருக்கலாம், இதெல்லாம் யார் கையில போய் விழுதுங்கறதுதான்னு சொல்லிக்கிட்டேன். ஆனா இது அப்படி யார் கையிலயோ விழுந்தது இல்லையே. அந்த ஓட்டைய போட்டதே என் கை.

அன்னைக்கு சேர்மன் கேட்டப்ப "போதாது"வோட இன்னும் ஒரே வரி சொல்லியிருந்தா போதும். "அந்த கன்ட்ரோலை நான்தான் வெக்கச் சொன்னேன், அதை அடிச்சிட்டு மீதியப் படிங்க"ன்னு. சொல்லியிருந்தாலும் பாஸ் ஆகியிருக்காதுன்னு ஒரு மனசு சொல்லுது, கன்ட்ரோல் இல்லன்னு வேற யாராவது தள்ளியிருப்பாங்க. இருக்கலாம். ஆனா அந்த வரி ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும். அத்தனை புரொபசர் நடுவுல, தப்பான ஆலோசனை சொன்ன ஸ்டாட்டிஸ்டிக்ஸ்காரனா தெரிய வேணாம்னு இருந்துச்சு.

ஃபார்ம்ல அந்த ரெண்டு கட்டத்தையும் எல்லாருக்கும் கட்டாயம்னு வெக்காதீங்கன்னு கமிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். எழுதி நாலு மாசம் ஆச்சு, அனுப்பல. காரணம் சொல்லணும்னா நடந்ததை சொல்லணும். அவங்க அதுக்கப்புறம் என்கிட்ட வரவே இல்ல, காரிடார்ல பார்த்தா "வணக்கம் சார்"னு சிரிச்சிட்டே போறாங்க, அந்த ஆராய்ச்சி என்ன ஆச்சுன்னு கேக்க எனக்கு வாய் வரல.

போன வாரம் அதே டிபார்ட்மென்ட்லருந்து புதுசா சேர்ந்த ஒருத்தர் வந்தார். பசங்க சத்தமா படிக்கறப்ப எங்க திக்கறாங்க, ஏன் திக்கறாங்கன்னு ஒரே வகுப்புல உக்காந்து பார்க்கற ஆராய்ச்சி. நான் வாயே தொறக்கல, ஃபார்ம்ல ஏற்கனவே ரெண்டு வகுப்பு போட்டிருந்துச்சு. "இது எதுக்குங்க?"ன்னேன். "கமிட்டி எதிர்பார்க்கும்னு எங்க டிபார்ட்மென்ட்ல சொன்னாங்க சார்"னார். எடுத்துடுங்க, உங்க கேள்விக்கு இது தேவையில்லன்னேன்.

"எடுத்தா பாஸ் ஆகுமா சார்?"

என்னால ஆகும்னு சொல்ல முடியல. அந்த வரிக்கு பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு ஃபார்மை திருப்பிக் கொடுத்தேன், அவரும் அப்படியே வாங்கிட்டு போயிட்டார்.