நைனாவின் பழைய .22 ரைபிளும் கிடைக்காத தோட்டாவும்

எங்கள் நைனாவின் லைசென்ஸ் புக்கில் ‘.22 ரைபிள்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. .22 என்பது குழலின் உள் அளவு, அங்குலத்தில். ஆயுதக் கடையில் .22 தோட்டா வைத்திருப்பார்கள். அப்படியிருந்தும் அந்த ரைபிளுக்குப் பல வருடமாக ஒரு தோட்டாகூட வாங்க முடியவில்லை. வேறு தோட்டாவுக்கு மாற்றிவிடலாம் என்று கிளம்பி, கடைசியில் வேறு வழியில் முடித்தேன். பழைய துப்பாக்கி வைத்திருக்கிற குடும்பங்கள் வேலூர்ப் பக்கம் இருக்கின்றன. அவர்களில் யாருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டை எங்கள் ஊர். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நைனாவும் பட்டாளத்தில் இருந்தவர்தான். ஓய்வு பெற்று வந்த பிறகு, நீலகிரியில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து முறைப்படி எழுதி வாங்கிய ரைபிள் இது. முதல் லைசென்ஸ் புக்கில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்ற முத்திரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1989-ல் மாவட்டம் பிரிவதற்கு முந்தையது அது.

ரைபிள், விஞ்செஸ்டர் கம்பெனியின் 1903 மாடல். செமி ஆட்டோமேட்டிக். ஒரு தடவை சுட்டதும் அதுவே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் விசையை இழுத்தால் போதும். தோட்டா போடும் இடம், தோளில் வைக்கிற பின்கட்டையின் வலது பக்கத்தில் இருக்கிறது. அங்கே வெட்டிய பள்ளத்தின் வழியாக ஒவ்வொன்றாகப் போட்டால், கட்டைக்குள் இருக்கிற குழாயில் பத்து தோட்டா வரிசையாக நிற்கும். பேரலுக்கு, அதாவது குண்டு வெளியே வரும் குழலுக்குக் கீழே, முன்கட்டையிலிருந்து ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை உள்ளங்கையால் பின்பக்கமாக அழுத்தினால்தான் முதல் தோட்டா ஏறும். நைனா அதை எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்தே அந்தக் கம்பியின் முனை வெள்ளி மாதிரி ஆகியிருந்தது.

சிக்கல் தோட்டாவில்தான். விஞ்செஸ்டர் கம்பெனி இந்த ரைபிளுக்கென்றே ‘.22 விஞ்செஸ்டர் ஆட்டோமேட்டிக்’ என்று தனியாக ஒரு தோட்டா செய்தது. அந்தக் காலத்தில் சாதாரண .22 தோட்டாக்கள் பல கருமருந்தில் வந்தன. அதன் கரி இயந்திரத்தில் படிந்தால் தானாக இயங்கும் ரைபிள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதனால் புகையில்லா மருந்து மட்டும் அடைத்த, மற்ற .22 ரைபிள்களில் சேராத அளவில் ஒரு தோட்டா. 1930களின் தொடக்கத்தில் இந்த மாடலை நிறுத்திவிட்டு, 1933-ல் ‘மாடல் 63’ என்று ஒன்றை விட்டார்கள். அது இன்றைக்கும் எங்கும் கிடைக்கிற .22 லாங் ரைபிள் தோட்டாவைப் போடுவது. கம்பெனியே மாற்றிக்கொண்டதுதானே, நம்முடையதையும் மாற்ற முடியாதா என்பதுதான் என் எண்ணம்.

“டேய், கடையில கிடைக்கிறதை இதுல போட்டுடாத. அது வேற, இது வேற” என்று நைனா சின்ன வயதிலிருந்தே சொல்லிவருவார். ஏன் என்பது சென்னையில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டியபோதுதான் முழுதாகப் புரிந்தது.

ரைபிளை எடுத்துப் போவதிலேயே சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் நைனா பெயரில். ரிப்பேருக்காக லைசென்ஸ்தாரர் கூட வந்தாலோ, எழுத்தில் அனுமதி கொடுத்தாலோ வேறொருவர் எடுத்துப் போகலாம் என்று 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. கடிதம் மட்டும் போதும்தான். ஆனாலும் நைனாவையே கூட்டிக்கொண்டு போனேன். ரைபிளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல அவரைவிட ஆள் கிடையாது.

மெக்கானிக் வயதானவர், லைசென்ஸ் பெற்ற கடையில் வேலை செய்கிறவர். நைனாவிடம் மிச்சமிருந்த பழைய தோட்டா ஒன்றையும் கடையிலிருந்த லாங் ரைபிள் தோட்டா ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்து காட்டினார். பழையதன் பித்தளைக் கூடு ஏறக்குறைய 6.35 மில்லிமீட்டர் பருமன். புதியது 5.74. ஓரத்தில் இருக்கிற விளிம்பும் பழையதில்தான் பெரிது. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பேரலைத் தனியாகக் கழற்றி, லாங் ரைபிளின் காலிக் கூடு ஒன்றைச் சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில் போட்டுக் காட்டினார். அது உள்ளே லொடலொடவென்று ஆடியது.

“இப்படிப் போட்டுச் சுட்டா பித்தளை வீங்கிக் கிழிஞ்சிடும் தம்பி. நெருப்பும் காத்தும் பின்னால முகத்துக்குத்தான் வரும்” என்றார். இந்த ரைபிளில், சேம்பரைப் பின்னாலிருந்து மூடுகிற இரும்புத் துண்டான போல்ட் எதிலும் பூட்டிக்கொள்வதில்லை. போல்ட்டின் கனமும் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே கூடு கிழிந்தால் தடுக்க ஒன்றுமில்லை. பேரலில் .22 என்று இருக்கிறதே என்று எதையாவது போட்டுப் பார்க்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

சரி, மாற்ற என்ன வேண்டும் என்று கேட்டேன். சேம்பரில் வளையம் போடலாம் என்றால் அந்த வளையத்தின் சுவர் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர்தான் வரும், அதை நம்ப மாட்டேன் என்றார். பேரல் முழுதும் உள்குழல் போட்டு, தோட்டாவைப் பிடித்திழுக்கிற கொக்கி, போல்ட்டின் முகம், தோட்டா ஏறும் பாதை எல்லாவற்றையும் புதிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நூறு வருடத்து இரும்பில் இவ்வளவும் செய்த பிறகு அழுத்தச் சோதனையும் வேண்டும். “செஞ்சா புது துப்பாக்கி செஞ்ச மாதிரி. நான் செய்ய மாட்டேன், செய்யறேன்னு யாராவது சொன்னா அவங்க கையில கொடுக்காதீங்க” என்று நைனாவைப் பார்த்துச் சொன்னார். நேர்மையான தொழிலாளி. அந்த ஒரு பேச்சுக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சட்டமும் அதே பக்கம்தான். துப்பாக்கியை மாற்றியமைப்பது, தயாரிப்பது விற்பது போலவே 5-வது பிரிவில் வருகிறது. அதற்கு லைசென்ஸ் உள்ளவர்தான் தொடலாம். 2019 திருத்தத்தில் 6-வது பிரிவையும் இறுக்கிவிட்டார்கள். 2016 ஆயுத விதிகளில் சொல்லியிருக்கிற ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றவும் லைசென்ஸ் வேண்டும். மீறினால் 7 வருடத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கிற சொந்தக்காரன் “நான் பண்ணித் தரேன் மாமா” என்று ஆசையாகக் கேட்டான். இந்த வரியைப் படித்துக் காட்டினேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆக, துப்பாக்கியை மாற்றுவதற்குப் பதில் துப்பாக்கியையே மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்கு முதலில் லைசென்ஸ் என் பெயருக்கு வர வேண்டும். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகுதான் வாரிசுக்கு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவருக்கு 70 வயது ஆனாலும், துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலும், எது முந்தியோ அப்போதே வாரிசு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று 2016 விதிகளின் 25-வது விதி சொல்கிறது. இருக்கும்போதே செய்வது எவ்வளவோ மேல். நைனாவே கையெழுத்துப் போட்டார், அக்காவும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள்.

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மனு. அப்புறம் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், போலீஸ் விசாரணை. விசாரணைக்கு வந்தவர் என் வேலை, வழக்கு விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, துப்பாக்கி எங்கே இருக்கும் என்பதில்தான் அதிக நேரம் நின்றார். சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினேன். சாவி யாரிடம், தோட்டா தனியாக இருக்கிறதா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். இப்படிக் கேட்கத்தான் வேண்டும்.

ஒன்று முக்கியம். தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் பதிவாகி, அடையாள எண் வாங்காத லைசென்ஸ் இப்போது செல்லாது. நைனா அதை முன்பே வாங்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதுகளையும் ஒன்றுவிடாமல் கோத்து வைத்திருந்தார். 2019-ல் வேலூர் எம்.பி. தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் நடந்ததே, அதற்கு மறுபடி ஒப்படைத்த ரசீதும் அதில் இருந்தது. அந்தக் கட்டைப் பார்த்ததும் செக்‌ஷனில் இருந்தவர் முகமே மலர்ந்துவிட்டது.

என் பெயரில் லைசென்ஸ் வந்ததும், பழைய ரைபிளை விற்கப்போவதாக கலெக்டர் ஆபீஸுக்கும் ஸ்டேஷனுக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலுக்கு வேறு .22 வாங்க அனுமதி கேட்டேன். கிடைத்ததும் அதே சென்னைக் கடையில் கொடுத்துவிட்டு, ஈசாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டும். நைனாவுக்கு அது பிடித்திருக்கிறது. “நிதானமா சுட வரும்” என்கிறார். லைசென்ஸ் புக்கில் இந்தத் தடவை ‘.22 லாங் ரைபிள்’ என்று தோட்டாவின் முழுப் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

மிச்சமிருந்த பழைய தோட்டாக்களை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டான். கூடாது. அந்த ரைபிள் லைசென்ஸிலிருந்து போன பிறகு அதன் தோட்டா வீட்டில் இருந்தால் அதுவும் லைசென்ஸ் இல்லாத வெடிபொருள்தான். ரைபிளோடு அவற்றையும் எண்ணிக் கடையில் கொடுத்து, எண்ணிக்கை போட்ட ரசீது வாங்கி, நைனாவின் பழைய ரசீதுக் கட்டிலேயே சேர்த்துவிட்டேன்.