கேட்டவளுக்குக் கொடுத்தேன்

ஐசியுவில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் பெண்ணை டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றினேன். சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அதே ஐசியுவில் இருக்கும் அக்கா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

“கேட்டவளுக்குக் குடுத்தீங்க, சிஸ்டர். சரிதான்.”

ஹேண்டோவர் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பாராட்டினாரா, குத்திக்காட்டினாரா? டூட்டி லிஸ்ட் போட உட்காரும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது.

அக்கா என்னைவிட மூத்தவர், சர்வீஸிலும் மூத்தவர். டிப்ளமோ படித்தவர். நான் பி.எஸ்சி. என்பதால் இன்சார்ஜ் பதவி எனக்கு வந்தது. அவர் என்னை “சிஸ்டர், நீங்க” என்பார். நான் அவரை அக்கா என்பேன். அதனால் அவர் சொல்வதை இன்சார்ஜாகக் காதில் வாங்குவதா, தங்கச்சியாக வாங்குவதா என்பதே எனக்குப் பிடிபடுவதில்லை.

மாற்றிவிடச் சொன்ன பெண் சின்னவள். ஐசியு வாசலில் காத்துக்கிடக்கும் சொந்தக்காரர்களிடம் பொறுமையாக நின்று பேசுவாள். பிறகு வாசல் பக்கமே போகாமல் இருக்க ஆரம்பித்தாள். யார் என்ன கேட்டாலும் “டாக்டர் வருவார், அவர்கிட்ட கேளுங்க” என்பாள். ஒருநாள் விடியற்காலையில் ஒருத்தர் இறந்துபோனார். வெளியே குடும்பமே கதறுகிறது, இவள் சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“எனக்கு ஒண்ணுமே தோணல சிஸ்டர். அதான் பயமா இருக்கு. என்னை வேற எங்கயாவது போட்டுருங்க.”

“ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வாம்மா.”

“லீவு வேணாம் சிஸ்டர். திரும்பி வந்தா இதே பெட்டுதான?”

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள், தரச்சான்று ஆய்வு வருகிறது என்பதற்காக. டீ, சமோசா, ஸ்லைடு. பாதிப் பேர் நைட் முடித்துவிட்டு வந்து தூங்கினார்கள். பணிச்சோர்வு பற்றிய வகுப்புக்கு அது பொருத்தம்தான். எனக்கு அதில் சில விஷயங்கள் தங்கின. ஃப்ராய்டன்பர்கர் என்ற மனநல நிபுணர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தவர், 1974-இல் இதைப் பற்றி எழுதினார். அந்த நிலைமை அவருக்கே வந்திருந்தது. முழு மனதோடு உழைக்கிறவர்கள்தான் முதலில் இதில் மாட்டுவார்கள் என்றார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் மூன்று அடையாளங்களை அளக்க ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார்: உள்ளே வற்றிப்போவது, எதிரில் இருக்கிற மனிதரிடமிருந்து மனம் விலகுவது, நாம் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று படுவது. “ஒண்ணுமே தோணல” என்று அந்தப் பெண் சொன்னது இரண்டாவதோடு அப்படியே பொருந்தியது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் குறித்துக்கொண்டது. ஆனால் நோயாக இல்லை, வேலையால் வரும் நிலைமையாக. அதனால்தானோ என்னவோ, எங்கள் லீவு லெட்டர்களில் எல்லோருக்கும் வைரல் காய்ச்சல்தான் வருகிறது.

ஆக அவளை மாற்றினேன். டயாலிசிஸில் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை அதே ஆட்கள் வருவார்கள், நான்கு மணி நேரம் இருப்பார்கள், எழுந்து வீட்டுக்குப் போவார்கள். யார் மகள் எந்தக் கல்லூரி என்பது வரை இப்போது அவளுக்குத் தெரியும். சிரிக்கிறாள். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் ஐசியுவில் ஒரு ஆள் குறைந்தது. அது சித்திரைத் திருவிழா நேரம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கோரிப்பாளையத்தைத் தாண்டி டூட்டிக்கு வந்துசேருவதே பெரிய பாடு; அந்த வாரம் யாருக்கும் ஆஃப் கிடையாது. இரண்டு பேர் சவுதிக்குப் போயிருந்தார்கள், ஒருத்தி எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலைக்குப் போய்விட்டாள். ஐசியுவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நர்சிங் கவுன்சில் வைத்த கணக்கு. எங்கள் லிஸ்டில் அந்தக் கணக்கு நான் வந்த நாளிலிருந்து இடித்துக்கொண்டுதான் இருக்கிறது. “அக்கா, இந்த வாரமும் நைட் பாத்துக்கிறீங்களா?” என்பேன். “போடுங்க” என்பார். அடுத்த வாரமும் அப்படியே.

பிறகுதான் அந்த வாக்கியம்.

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் சேர்ந்து சொன்ன ஆறு காரணங்களில் வேலைப்பளு ஒன்றுதான். தன் வேலையில் தனக்கிருக்கும் பிடி, உழைப்புக்குக் கிடைக்கும் மரியாதை, கூட வேலை பார்க்கிறவர்கள், நியாயம், மனசுக்கு ஒப்புதல் ஆகியவை மற்றவை. சின்னவளுக்கு நான் கொடுத்தது பிடி. அதற்கான விலையை அக்காவின் கணக்கில், நியாயம் என்ற இடத்தில் எழுதினேனோ? இப்படி யோசிக்கிறபோதே இன்னொன்றும் தோன்றுகிறது: அக்கா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வாய் திறக்காதவர் மனசை நான் எப்படிப் படிப்பேன்? இன்சார்ஜுக்கு ஜோசியமும் தெரிய வேண்டுமா?

சரி, நானே கேட்டேன். “உங்களையும் மாத்தவா அக்கா?”

“ஓபியில போயி டோக்கன் கூப்புடவா?”

“நைட்டையாவது குறைக்கிறேன்.”

“நைட் அலவன்ஸ யாரு குடுப்பா, நீங்களா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது.

அப்படியென்றால் அவருக்குச் சோர்வே இல்லையா? பயிற்சியில் சொன்ன அடையாளம் எதுவும் அவரிடம் காணோம். நடுராத்திரியில் வாசலில் படுத்திருப்பவரை எழுப்பி “சாப்பிட்டீங்களா” என்று இன்னும் கேட்கிறார். வென்டிலேட்டர் அலாரத்துக்கு முதலில் எழுவது அவர்தான். எங்களோடுதான் விலகல். அவர் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்கு நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்போம். இப்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாக உட்காருகிறார். ஆள் பற்றாக்குறையில் நைட்டில் சேர்ந்து சாப்பிட எங்கே நேரம் என்றும் சொல்லலாம். கேள்வித்தாளில் நோயாளிகளிடமிருந்து விலகுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். இன்சார்ஜிடமிருந்து விலகுவதை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?

சூப்பரின்டென்டென்ட் ஒரு வழி சொல்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சுழற்சியில் மாற்றிவிடலாம். கேட்டவர், கேட்காதவர் என்ற பேச்சே இருக்காது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சுமாராக ஒரு லிஸ்ட் போட்டுப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே சின்னவள் ஐசியுவுக்குத் திரும்ப வேண்டும். அக்காவுக்கு ஓபி, நைட் கிடையாது, அலவன்ஸும் கிடையாது.

என் கருத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சின்னவளிடம் சொன்னால் அழுவாள், அது தெரிந்ததுதான். அக்காவிடம் முதலில் சொல்லலாம் என்று இருக்கிறேன். “போடுங்க” என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.