முடிவு வருவதற்கு முன்னால்

"முடிவு வரட்டுமே தம்பி, அப்புறம் சொல்லலாமே" என்றார் செயற்பொறியாளர். அவரோடு அன்று நடந்த வாக்குவாதம் இன்னும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரதான குழாய் உடைந்து, சரிசெய்து, தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். குழாயில் அழுத்தம் இறங்கினால் இணைப்புகள் வழியாக வெளியிலிருக்கும் அழுக்கு நீர் உள்ளே போக வாய்ப்புண்டு. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று. ஆனால் ஈ.கோலை என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க, அது வளரும்வரை காத்திருக்க வேண்டும். வழக்கமான முறையில் 18 முதல் 24 மணி நேரம். அதுவரை ஊர் அதே தண்ணீரைத்தான் குடிக்கும். மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்த நான், கொதிக்க வைத்துக் குடிக்கும்படி உடனே சொல்லிவிட வேண்டும் என்றேன்.

கனடாவின் வாக்கர்ட்டன் என்ற ஊரை எடுத்துச் சொன்னேன். 2000 மே மாதம் அங்கே குடிநீரில் ஈ.கோலை கலந்து 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். ஆய்வக முடிவு மோசம் என்று தெரிந்தும் குடிநீரைக் கவனித்தவர்கள் சுகாதார அதிகாரிகளிடம் அதைச் சொல்லவில்லை. கடைசியில் எச்சரிக்கை வந்தபோதும் உள்ளூர் வானொலியோடு நின்றுவிட்டது; பலருக்குப் போய்ச் சேரவில்லை.

"அது மறைச்ச கதை. நாம எதை மறைக்கிறோம்? நமக்கே தெரியாதே" என்றார் அவர்.

தெரியாது என்பதையும் சொல்லலாமே சார் என்றேன். ஆணையர் என் பக்கம் சாய்ந்தார்.

அப்புறம் வாசகம். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து. தமிழ் என்றால் 70 குறிதான். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும்' என்று எழுதினாலே பாதிக்கு மேல் போய்விடும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும் என்று சொல்வதா, ஏன் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்வதா? இரண்டும் வேண்டும் என்று நீண்ட செய்தியாகவே அனுப்பினோம். 'பரிசோதனை நடக்கிறது, முடிவு நாளை மாலை' என்ற வரியை விடக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எப்போது தெரியும் என்று சொல்லிவிட்டால் பாதிக் கவலை அடங்கும்.

ஆனால் தொலைபேசியில் ஓர் அம்மா கேட்டார்: "கிருமி இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க." இன்னும் தெரியவில்லை என்று விளக்கினேன். "உங்களுக்கே தெரியாதுன்னா நான் யாரைக் கேக்கறது?" கைக்குழந்தை இருக்கும் வீடு. கொதிக்க வைத்தால் பயமில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முடிவு சுத்தமாக வந்தது. அதையும் உடனே தெரிவித்தோம். வீணாகப் பயமுறுத்தினீர்கள் என்று திட்டி அழைப்புகள் வந்தன. செயற்பொறியாளர் குத்திக்காட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அடுத்த தடவை நிஜமாவே கிருமி இருந்து, யாரும் கொதிக்க வைக்கலைன்னா?"

கிருமி இல்லாமல் போனது அதிர்ஷ்டம், அதை வைத்து, எச்சரிக்க நாங்கள் எடுத்த முடிவைத் தவறென்று சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரியான வாதம்தான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஊர் நம்மைக் காதுகொடுத்துக் கேட்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்பும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது.

அண்மையில் இன்னோர் உடைப்பு, சிறியது. அழுத்தம் இறங்காமலே சரிசெய்துவிட்டோம், கொதிக்க வைக்கச் சொல்லத் தேவையில்லை என்றார் செயற்பொறியாளர். அவர் துறையில் அதுதான் நடைமுறை. நானும் ஒத்துக்கொண்டேன். அவர் சொன்ன காரணத்துக்காக ஒத்துக்கொண்டேனா, அன்று வந்த அழைப்புகளை நினைத்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழுது நடந்த இடம், நேரம், அழுத்தம் எவ்வளவு இருந்தது என்ற மூன்றையும் மட்டுமாவது வெளியிடலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார்.