கொடியும் வெயிலும் இல்லாத ஊரில் கம்பளி கவர்

குழந்தையின் லங்கோட்டு மேல் ஈரம் கசியாமல் இருக்கப் போடுவது கம்பளி கவர். பருத்தி லங்கோடுகளோடு சேர்த்து அதை 60 டிகிரியில் மெஷினில் போட்டால், வெளியே எடுக்கும்போது பொம்மைக்குப் போடும் அளவில் இருக்கும். தடித்து, அட்டை மாதிரி விறைத்துப் போயிருக்கும். இழுத்தாலும் விரியாது. ஜெர்மனிக்கு வந்து, குழந்தைக்குத் துணியே கட்டுவது என்று முடிவெடுக்கும் நம் வீடுகளில் முதல் அடி பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றில் ஒன்று மாட்டி இறுகிவிடும். பிறகு பிரியாது.

ஊரில் கவருக்கே வேலை இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து முக்கோணமாக மடித்துக் கட்டினோம். நனைந்தால் உடனே அவிழ்த்து அலசிக் கொடியில் போட்டோம். தொட்டில் சேலை நனைந்தால் அதுவும் கொடிக்குப் போகும். இங்கே ஜனவரியில் ஸ்வெட்டர், கோட், தூக்கப்பை என்று நான்கு அடுக்குக்குள் இருக்கும் குழந்தைக்கு வெறும் பருத்தி தாங்காது. பிளாஸ்டிக் பூசிய கவர் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் உள்ளே புழுங்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும், தொட்டால் ஈரம் தெரியாமல், மெல்ல ஆவியாக வெளியே விடும்.

நமக்குக் கஷ்டமான பாடம், துவைக்காமல் இருப்பதுதான். மூத்திரம் பட்டதை அப்படியே காயவைத்து மறுபடி கட்டுவதா என்று மனம் ஒப்பாது. ஆனால் முறை அதுதான். மூன்று நான்கு கவர்களை மாற்றி மாற்றிக் கட்டி, ஒவ்வொன்றையும் காற்றில் ஆறவிட வேண்டும். காய்ந்த பிறகும் வாடை போகவில்லை என்றாலோ, மலம் பட்டாலோ துவைக்கலாம். இல்லாவிட்டால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். தினம் துவைத்தால் கம்பளியில் இருக்கும் கொழுப்பு போய், கவர் ஒழுக ஆரம்பிக்கும்.

துவைக்க 30 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரும் கம்பளிக்கான சோப்புத் திரவமும் வேண்டும். சாதாரண சலவைத்தூள் கூடாது. அதில் புரதக் கறையைத் தின்னும் என்ஸைம் இருக்கும், கம்பளியும் புரதம்தான். கவரை உள்பக்கம் வெளியே திருப்பி, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். கல்லில் அடித்துப் பழகிய கைக்கு இது போதாத வேலையாகத் தோன்றும். ஆனாலும் தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

அடுத்தது கொழுப்பு ஏற்றுவது. இங்கே இதை ‘வோல்கூர்’ என்பார்கள். மருந்துக்கடையில் வெறுமனே லானோலின் (ஆட்டுரோமக் கொழுப்பு) என்று கேட்டால், ஜெர்மன் மருந்து நூலின்படி தண்ணீரும் பாரஃபினும் கலந்ததைக் கொடுத்துவிடக்கூடும். ‘வோல்வாக்ஸ்’ அல்லது ‘அடெப்ஸ் லானே’ என்று கேளுங்கள், கலப்பில்லாத ஆட்டுரோமக் கொழுப்பு அதுதான். இரண்டு கவருக்கு ஒரு டீஸ்பூன். அதை ஒரு கிண்ணத்தில் போட்டு, அரை டீஸ்பூன் குழந்தை ஷாம்பு சேர்த்து, ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கலக்குங்கள். மேலே கொழுப்பு ஏடு மிதக்காமல், நீர்மோர் மாதிரி ஒரே வெள்ளையாக வர வேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். கொழுப்பு மணியாக மிதந்தால் இன்னும் கொஞ்சம் ஷாம்பு வேண்டும். மியூனிக் போலத் தண்ணீர் கடினமான ஊர்களில் சோப்புக்கட்டியைக் கரைத்து ஊற்றினால் திரிந்துபோகும், ஷாம்புதான் சரி.

இந்தப் பாலை, கவர் முழுகும் அளவு வெதுவெதுப்பான நீரில் ஊற்றிக் கலக்கிவிட்டு, ஏற்கெனவே நனைத்த கவரை உள்பக்கம் வெளியே இருக்கும்படி இறக்குங்கள். காய்ந்த கவரைப் போட்டால் கொழுப்பு திட்டுத்திட்டாக ஒட்டும். இரவு முழுக்க ஊறட்டும். புதுக் கவருக்கு இதை இரண்டு மூன்று முறை செய்தால்தான் பிடிக்கும். பிசுபிசுவென்று இருந்தால் கொழுப்பு அதிகம், கம்பளி சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் அலசினால் குறையும். கவரின் மேல் தெளித்த தண்ணீர், சேம்பிலையில் விழுந்ததைப் போல உருண்டு நின்றால் சரியாக ஏறியிருக்கிறது.

பிறகு துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, படுக்கை வாட்டில் விரித்துக் காயவிட வேண்டும். ஹீட்டர் மேல் போட்டால் விறைக்கும். ஒரு நாளில் காயாது, குளிர்காலத்தில் இரண்டு நாள் ஆகும். ஒரு குளிர்காலம் போனால் கைக்கு எல்லாம் பழகிவிடும், அளவுகூட பார்க்கத் தேவையிருக்காது. ஆனாலும் நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிட, இரண்டாம் நாளும் லேசாக ஈரம் தட்டும் கவரைத் தொட்டுப் பார்க்கும்போது மொட்டைமாடிக் கொடி நினைவுக்கு வரும். காலை பத்து மணிக்குப் போட்ட லங்கோடு பதினொன்றுக்கெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து, மடிக்கும்போது கையில் வெயிலின் சூடு இருக்கும்.