இப்போதைக்கு பாதி நாள்தான்

முடக்குவாதத்துக்காக நீண்ட மெடிக்கல் லீவில் இருந்தவள் மறுபடி ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டேன், இப்போதைக்கு பாதி நாள். அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நம் ஊர் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டில் வேலைக்குத் தகுதி, இல்லையென்றால் தகுதி இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. பிரிட்டனில் 2010-லிருந்து டாக்டர் தரும் சீட்டிலேயே படிப்படியாகத் திரும்பலாம், வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று டிக் செய்யக் கட்டங்கள் இருக்கின்றன. இங்கே மேனேஜர் மனசு வைத்தால் உண்டு. என் மேனேஜர் வைத்தார், சரி.

காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வெந்நீரில் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டி, அப்புறம்தான் ஜாக்கெட் ஹூக்கே போட முடியும், அதனால் பதினொன்றரைக்குப் போகிறேன். இதற்கு நான் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வாரத்துக்கு ஒரே நாள்தான் (தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, எடுப்பவர்கள் கிழமையைக் குறித்து வையுங்கள்). மறுநாள் குமட்டலும் அசதியும் படுத்துவதால் டாக்டரிடம் கேட்டு சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். ஸ்டேப்ளர் அழுத்துவதுதான் இன்னும் முடியவில்லை. பக்கத்து சீட் தம்பி "கொடுங்கக்கா" என்று வாங்கிக்கொள்கிறான்.

வீக்கம் தெரியாத நாளில்தான் தொல்லை. "இந்த வயசுல மூட்டுவலியா, பிரண்டைத் துவையல் சாப்பிடும்மா" என்பார்கள். இது தேய்மானம் இல்லீங்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது, முப்பதிலும் வரும். பிரண்டை சாப்பிடுகிறேன், ருசிக்காக.

அடுத்த மாதம் ஒரு மணி நேரம் கூட்டலாம் என்றிருக்கிறேன். லிஃப்ட் ரிப்பேரான நாளில் மட்டும் யாரும் என்னை மூன்றாவது மாடியில் எதிர்பார்க்காதீர்கள்.