மாரியம்மாள் எங்கே போனாள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோவில் உபயகாரர் பலகையை நேற்று நிதானமாகப் படித்தேன். பழைய வரிசைகளில் மாரியம்மாள், மாரிமுத்து, முத்துமாரி. கீழே வரவர தர்ஷினி, கவின், லக்‌ஷிதா. ஒரு மாரி கூட இல்லை.

மாரி என்றால் மழை. கபிலர் பாரியின் வள்ளன்மைக்கு இணையாகச் சொன்னது இந்த மாரியைத்தான். அம்மை போட்டால் 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்று வேப்பிலை கட்டிய சனங்கள், அவளுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். கப்பலேறி வந்தபோதும் அவளையே கூட்டி வந்தார்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவில் 1873இல் எழுந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடமெல்லாம் அவளுக்கு ஒரு கோவில் இருந்தது.

பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. நேர்ந்துகொள்ள வேண்டிய அந்தப் பயம் போயிற்று. ஆனால் பெயர் தேய்ந்ததற்கு அது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. ரப்பர் பால் மரம் வெட்டிய கைகளின் பெயர், தோட்டத்துக் கணக்கர் கிராணி காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிட்ட பெயர் என்று நம் பிள்ளைகளே கூச ஆரம்பித்தார்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

என் பாட்டியின் அடையாள அட்டையில் 'மரியம்மா' என்றுதான் பதிந்திருந்தது. அவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் 'மாரியம்மாள்' என்று திருத்திச் சொல்வார்.

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். பெண் பிறந்தால் மாரிச்செல்வி என்று வைக்கும்படி கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை யோசிக்கிறார். உங்கள் வீட்டில் மாரி இருந்தால் இங்கே எழுதுங்கள், அவரிடம் காட்ட வேண்டும்.