காளை விற்பவரே சங்கத் தலைவராகவும் இருந்தால்

இறைச்சிக்காக வளர்க்கும் ஒரு மாட்டினத்தின் வம்சாவளியைப் பதிவு செய்து, அதற்கு விதி வகுக்கும் சங்கத்தின் தலைவர் பதவி மாலை மரியாதைக்கானது என்று நினைப்பவர்கள், அமெரிக்காவில் 1950களை ஒட்டி நடந்ததைப் படித்துப் பார்க்கலாம்.

கண்காட்சிகளில் குட்டையான, உருண்டு திரண்ட மாடுகளுக்கே பரிசு. எல்லோரும் அந்த மாதிரிக் காளைகளின் பின்னால் ஓடினார்கள். ஹெரிஃபோர்டு, ஆங்கஸ் இரண்டு இனங்களிலும் குள்ளக் கன்றுகள் பிறந்தன. தாய், தந்தை இருவரிடமும் இந்தக் குறைக்கான மரபணு இருந்தால்தான் குறை வெளியே தெரியும், அதுவும் சராசரியாக நான்கு கன்றில் ஒன்றுக்கு. மறைப்பது சுலபம். மறைக்கவும் செய்தார்கள்.

2008இல் ஆங்கஸில் வேறொரு குறை வந்தது. முதுகு வளைந்து, மூட்டுகள் இறுகி, செத்தே பிறக்கும் கன்றுகள். மூலம் ஒரு புகழ்பெற்ற பொலிகாளையின் வம்சம். இந்த முறை சீக்கிரமே டிஎன்ஏ சோதனை வந்தது, குறையைச் சுமக்கும் காளைகளின் பெயர்களும் வெளியாயின. அந்த வம்சத்தை நம்பி முதலீடு செய்தவர்களுக்குப் பலத்த அடி. நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் காளை விற்பவர்கள்தானே! தன் மந்தையின் விலையை இறக்கும் விதிக்குக் கை தூக்குவது லேசான காரியமில்லை. சங்கத் தலைவர் தேர்தலில் ஒருவரிடம் நான் பார்ப்பது அந்தத் துணிவைத்தான், கண்காட்சியில் வென்ற கோப்பைகளை அல்ல.

அப்புறம், சங்கத்தின் ஒரு முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 1978இல் ஆங்கஸ் சங்கம் தொடங்கிய இறைச்சி பிராண்டு. உடலில் பெரும்பகுதி கறுப்பாக இருக்க வேண்டும், இறைச்சித் தரம் தேற வேண்டும்; வம்சாவளிச் சான்று கேட்பதில்லை. அந்த பிராண்டால் கிடைக்கும் கூடுதல் விலைக்காகவே சிமென்டால், லிமோசின் போன்ற வேறு இனங்களை வளர்ப்பவர்களும் ஆங்கஸோடு கலந்து தங்கள் மாடுகளைக் கறுப்பாக்கிவிட்டார்கள்.